உழாத வயலில் கோதுமை

கர்னால், ஹரியானா,
டிசம்பர் 14

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் கிடைத்தது. சம்பா பூக்கிற நேரம் பார்த்து மழை பிடித்துக்கொண்டதாமே, வடிகாலை வெட்டிவிட்டாயா? அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலையா?

நெல் அறுத்த வயலில் இந்த ஊர்க்காரர்கள் கோதுமையை எப்படிப் போடுகிறார்கள் என்று கேட்டிருந்தாய். நான் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரர் இந்த வருஷம் பாதி நிலத்தை உழுதும் பாதியை உழாமலும் விதைத்திருக்கிறார். காலை நடைக்கு அந்த வரப்பில்தான் போகிறேன்.

சிக்கல் உனக்குத் தெரிந்ததுதான். நெல்லுக்குச் சேறடித்த நிலம் அடியில் இறுகிக் கிடக்கும். கோதுமைக்கோ காற்றோட்டம் வேண்டும். அதனால் வைக்கோலைக் கொளுத்தி, தண்ணீர் கட்டி, ‘வத்தர்’ வரக் காத்திருந்து (உழவுக்கு ஏற்ற ஈரப்பதத்துக்கு இங்கே அதுதான் பெயர்), நாலைந்து சால் ஓட்டிப் பலகை இழுத்து, அப்புறம்தான் விதைப்பு. இரண்டு வாரம் ஓடிவிடும். நவம்பர் பாதி தாண்டினால் நாளுக்கு ஏக்கருக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோ விளைச்சல் குறையும், ஏனென்றால் பால் பிடிக்கும்போது மார்ச் வெயில் வந்துவிடும்.

உழாத பாதிக்கு ‘ஹேப்பி சீடர்’ வந்தது, டிராக்டரில் பூட்டி ஓட்டுகிற விதைப்பு மெஷின். வைக்கோலை வெட்டித் தூக்கி, கீறிய கோட்டில் விதையும் உரமும் போட்டு, அந்த வைக்கோலையே மேலே பரப்பிவிட்டுப் போனது. நெல்லுக்கு விட்ட தண்ணீரின் மிச்ச ஈரமே முளைக்கப் போதும். நவம்பர் 4 விதைப்பு. பத்து நாள் வரை தரிசு மாதிரிதான் இருந்தது, பக்கத்து வயல்காரர் கேலி செய்தார். ஒருநாள் குனிந்து வைக்கோலை விலக்கினேன்: அடியில் ஊசி ஊசியாகப் பச்சை, நடுவே மண்புழு எச்சம். உழுத பாதி போன வாரம் விட்ட முதல் தண்ணீருக்கே மஞ்சளடித்து நிற்கிறது. ‘குல்லி டண்டா’ என்றொரு களை, நம் நெல்லில் குதிரைவாலி போலக் கோதுமையோடு கோதுமையாக நிற்குமே, அதுவும் அங்கேதான் அதிகம்.

குறையும் உண்டு. காலைப் பனியில் வைக்கோல் நனைந்திருந்தால் மெஷின் அடைத்துக்கொள்ளும், பதினோரு மணிக்கு முன்னால் ஓட்ட முடியாது. டிராக்டரும் பெரிசாக வேண்டும். வைக்கோலுக்கடியில் எலி வேறு. ஆனாலும் எனக்கு இதுதான் சரியென்று படுகிறது. விளைச்சல் கூடும் என்றல்ல, அந்த இரண்டு வாரம் மிச்சமாகிறதே.

யோசித்தால் உனக்கு இது புதிதே இல்லை. அறுப்புக்கு ஒரு வாரம் முன்னால் நிற்கிற சம்பாவுக்குள் உளுந்து தெளிக்கிறாயே, நீ உழுதா தெளிக்கிறாய்? பீகாரில் தாழ்வான வயல்களில் கோதுமையையே இப்படி ஈரச் சேற்றில் வீசிவிடுகிறார்கள். வீட்டுக்காரரிடம் சொன்னேன், நம்பவில்லை. தையில் நீ தெளிக்கும்போது ஒரு படம் எடுத்து அனுப்பு. மிஷின் அறுப்பில் எத்தனை முளை மிதிபடுகிறது என்பதையும் எழுது, அதைத்தான் முதலில் கேட்பார்.

உன் பழைய ஹாஸ்டல் கூட்டாளி