படகு கரைசேரும் நாளை ஏற்பாடு செய்பவர்களுக்கு

உலகைச் சுற்றிவரும் பாய்மரப் படகுகளுக்கு வரவேற்பு நடத்தும் சங்கத்தாருக்கும், பந்தய அமைப்பாளர்களுக்கும், செலவை ஏற்றுக்கொண்ட நிறுவனத்தாருக்கும் வணக்கம்.

நானும் அப்படி ஒரு சுற்று முடித்துக் கரைக்கு வந்தவள்தான். உங்கள் விழாவைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. கைதட்டலே வேண்டாம் என்று சொல்லும் அளவுக்கு நான் துறவியும் இல்லை. கேட்பது ஒன்றுதான்: எல்லாவற்றையும் அந்த முதல் இரண்டு மணி நேரத்திலேயே கொட்டித் தீர்த்துவிடாதீர்கள். பாதியைத் தள்ளிப் போடுங்கள். ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் கால். சின்னப் படகில் நடக்க இடம் ஏது? நாலைந்து எட்டு வைத்தால் படகு முடிந்துவிடும். அதையும் குனிந்து, எதையாவது பிடித்துக்கொண்டேதான் வைக்க வேண்டும். கயிறு இழுத்து இழுத்துத் தோளும் கையும் இறுகிப்போகும். கெண்டைக்கால் சதை மட்டும் இளைத்துவிடும். அப்படிப்பட்டவரை இறங்கின கையோடு மேடைவரை நடக்கவைத்து, அப்புறம் அங்கே நிற்கவும் வைக்கிறீர்கள். ஒரு நாற்காலி போட யாருக்கும் தோன்றுவதில்லை.

போதாததற்குத் தரை வேறு ஆடும். மாதக்கணக்கில் அலையோடு கிடந்த மூளை அந்த ஆட்டத்தைக் கணக்கில் வைத்தே உடம்பை நிறுத்தப் பழகியிருக்கும். அசையாத தரையில் கால் பட்டதும் இல்லாத அலைக்கு அது ஈடுகொடுக்கப் பார்க்கும். கண்ணை மூடினால் இன்னும் மோசம். குளிக்கும்போது சோப்பு நுரைக்காகக் கண்ணை மூடுகிற நொடியில் சுவரைப் பிடித்தாக வேண்டும். பெரும்பாலானவர்களுக்கு ஓரிரு நாளில் சரியாகிவிடும். சிலருக்கு மாதக்கணக்கில் விடாது. அதை மருத்துவர்கள் ஒரு தனி நோயாகவே கணக்கில் எடுக்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால், அப்படி அவதிப்படுகிறவர்களில் பலருக்குக் காரில் ஏறி வண்டி ஓட ஆரம்பித்ததும் ஆட்டம் அடங்கினமாதிரி இருக்கும். அதை நம்பி அவர்கள் கையிலேயே சாவியைக் கொடுத்துவிடாதீர்கள்.

தூக்கம்தான் இதையெல்லாம்விடப் பெரிய விஷயம். தனியாகப் போகிறவர்கள், கப்பல் நடமாட்டம் உள்ள கடலில், ஒரே மூச்சில் இருபது நிமிடத்துக்கு மேல் கண்ணயரத் துணிவதில்லை. தொடுவானத்தில் எதுவும் இல்லை என்று பார்த்துவிட்டுப் படுத்தாலும், வேகமாக வரும் சரக்குக் கப்பல் ஒன்று ஏறக்குறைய அந்த நேரத்துக்குள் பக்கத்தில் வந்துவிடலாம். இருவராகப் போனால் மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை ஆள் மாற்றிக் காவல் இருப்பார்கள். இது பலருக்குத் தெரிந்ததுதான். கரையில் இருப்பவர்களுக்கு அதிகம் தெரியாத ஒன்று உண்டு. பயணம் முழுவதிலும் தூக்கம் சுத்தமாகக் கெடுவது கடைசி இரண்டு நாட்களில்தான். நடுக்கடலில் மோத அதிகம் ஒன்றும் இருக்காது. கரை நெருங்க நெருங்க மீன்பிடிப் படகு, விரித்த வலை, கப்பல் போகும் தடம், ஆழம் குறைந்த மேடுகள் என்று வந்துகொண்டே இருக்கும். படுக்கவே முடியாது. நீங்கள் மைக்கை நீட்டுவது அந்த இரண்டு இரவைத் தாண்டி வந்தவரிடம். கூட்டத்தின் நடுவே 'பயமாக இல்லையா?' என்று கேட்டால் அவர் சிரித்துவைப்பார். அதைப் பணிவு என்று மறுநாள் எழுதுவார்கள். எனக்குத் தெரிந்தவரை அது அரைத்தூக்கம்.

எனக்கு நடந்த வரவேற்பில் நாலு பேர் பேசி முடித்து, படமெல்லாம் எடுத்த பிறகுதான் அம்மாவிடம் போக விட்டார்கள். அவர் முதல் வரிசையில் கையைப் பிசைந்தபடி உட்கார்ந்திருந்தார். கேமரா இல்லாத ஒரு அறையும் முதல் அரை மணி நேரமும் குடும்பத்துக்கு ஒதுக்குவது ஒன்றும் பெரிய செலவில்லை.

இன்னொன்று, எல்லாருக்கும் ஒரே அச்சில் விழா எடுக்காதீர்கள். சார்லி டாலின் 2025 ஜனவரியில் வாண்டே குளோப் பந்தயத்தை, அதாவது தனியாக, எங்கும் நிற்காமல் உலகைச் சுற்றும் பந்தயத்தை, 64 நாளில் முடித்தார். 1969 ஏப்ரலில் ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் அந்தக் காலத்துப் பந்தயம் ஒன்றில் தனியாக எங்கும் நிற்காமல் சுற்றி இங்கிலாந்தின் ஃபால்மவுத்துக்குத் திரும்பியபோது 312 நாள் ஆகியிருந்தது. இந்தியக் கடற்படையின் தில்னாவும் ரூபாவும் தாரிணி என்ற பாய்மரப் படகில் 2024 அக்டோபரில் கோவாவிலிருந்து கிளம்பி மறு மே மாதம் வந்துசேர்ந்தார்கள். நடுவே ஃப்ரீமாண்டில், லிட்டல்டன், போர்ட் ஸ்டான்லி, கேப் டவுன் என்று நான்கு இடத்தில் கரை பார்த்தார்கள். இடையில் நின்று வருகிறவர்களுக்குக் கரை அவ்வளவு அந்நியமாகிவிடாது. ஆனால் இருவராக வருகிறவர்களுக்கு வேறொரு சிக்கல் உண்டு. இத்தனை மாதம் கூடவே இருந்த அந்த ஒரே ஆளை, இறங்கின நிமிடமே இரண்டு குடும்பமும் ஆளுக்கொரு பக்கம் இழுத்துக்கொண்டு போய்விடும். கூட்டத்தில் கண்ணால் தேடிக்கொண்டே இருப்பார்கள். அன்று இரவுச் சாப்பாட்டுக்காவது இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவையுங்கள்.

எல்லாருக்கும் இப்படித்தான் ஆகும் என்று நான் சொல்லவரவில்லை. நாக்ஸ்-ஜான்ஸ்டனைப் போகும் முன்னும் வந்த பின்னும் ஒரு மனநல மருத்துவர் பார்த்துவிட்டு, இரண்டு தடவையும் சாதாரணமாகத்தான் இருக்கிறார் என்று சொல்லி அனுப்பினார். அதே பந்தயத்தில் போன பெர்னார் முவாட்டேசியே, வெற்றி வாய்ப்பு கையில் இருந்தும், ஐரோப்பாவுக்குத் திரும்பாமல் கிழக்கே ஓட்டிக்கொண்டே போய் 1969 ஜூனில் தாஹிதியில் நங்கூரம் போட்டார். தனியாக உலகைச் சுற்றிய முதல் ஆள் ஜோஷுவா ஸ்லோகம், 1898 ஜூனில் அமெரிக்காவின் நியூபோர்ட் வந்தபோது ஸ்பெயினோடு போர் நடந்துகொண்டிருந்தது. துறைமுகத்தில் கண்ணிவெடி வைத்திருந்தார்கள்; நள்ளிரவு தாண்டி அமைதியாக உள்ளே வந்து சேர்ந்தார். பின்னாளில் நிலம் வாங்கிப் பண்ணை வைத்துப் பார்த்தார், ஒட்டவில்லை. கடைசியில் அதே ஸ்பிரே படகில் கிளம்பிப் போனவர் திரும்பவே இல்லை. திரும்பி வருவது ஒரு சிலருக்குச் சுலபம், ஒரு சிலருக்கு நடக்கவே நடக்காது. யார் எந்த ரகம் என்பது இறங்குகிற அன்று உங்களுக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது.

அதனால்தான் தள்ளிப் போடச் சொல்கிறேன். பேச்சு, பரிசு, பேட்டி எல்லாவற்றையும் இரண்டு வாரம் கழித்து வையுங்கள். அப்போது நல்ல பேச்சும் கிடைக்கும். முதல் நாள் படகு வருவதைப் பார்க்க ஊரே வரட்டும், கத்தட்டும், கையசைக்கட்டும். தண்ணீரில் இருந்தபடி அதைப் பார்ப்பது எங்களுக்கும் பிடிக்கும். வெளிநாட்டுத் துறையிலிருந்து வரும் படகு மஞ்சள் கொடி ஏற்றிக் காத்திருக்க வேண்டும். சுங்கமும் குடியேற்றமும் முடியாமல் யாரும் இறங்கக் கூடாது. அந்த அதிகாரிகளை முன்கூட்டியே படகுக்கு வரவழைத்துவிட்டால் கூட்டமும் வெயிலில் நிற்க வேண்டாம்.

அப்புறம் படகு. நல்ல மெத்தை போட்ட அறை ஒதுக்கிக் கொடுத்தாலும் அவர் தூங்க மாட்டார். கயிறு எங்கே உராய்கிறது, அடியில் கசியும் நீரை இறைக்கும் பம்பு ஓடுகிறதா என்று காது அங்கேயே இருக்கும். படகைத் தெரிந்த ஒருவரை முதல் இரண்டு மூன்று இரவு அதில் படுக்கவைத்து, அதை அவரிடம் சொல்லியும் விடுங்கள்.

செலவை ஏற்ற நிறுவனத்தாருக்குத் தனியாக ஒன்று. 'அடுத்து என்ன?' என்று அன்றைக்கே கேட்காதீர்கள். ஆறு வாரம் கழித்து ஒரு போன் போடுங்கள், கேட்பதற்கு அதுதான் சரியான நேரம். அதற்குள் கைதட்டல் ஓய்ந்திருக்கும். கட்டாத பில்லும் பழைய வேலையும் வந்து நிற்கும். கடலில் ஒரு கயிற்றைத் தளர்த்தினால் உடனே பலன் தெரிந்த ஆளுக்கு, ஒரு படிவத்துக்குப் பதில் வர மூன்று வாரம் காத்திருப்பது எரிச்சலாக இருக்கும். அந்த நேரத்தில் உங்களிடமிருந்து போன் வருவதுதான் உதவி.

இதில் எதுவுமே உங்கள் படகுக்காரருக்குத் தேவைப்படாமலும் போகலாம். சிலர் இறங்கினதும் மேடையேறி ஒரு மணி நேரம் ஜோராகப் பேசுவார்கள். இப்போதெல்லாம் நடுக்கடலிலும் செயற்கைக்கோள் வழியாக மின்னஞ்சல் போகிறது. நிகழ்ச்சி நிரலை அச்சுக்குக் கொடுப்பதற்கு முன்னால் அவரிடமே ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
சுற்றிவிட்டு வந்த ஒருத்தி