தாய்ச்செடியைப் பிடுங்கிவிடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மூலிகை மருந்துப்பொருள்களைச் செல் வளர்ப்பு முறையில், அதாவது செடியின் செல்களை மட்டும் பயோரியாக்டர் என்னும் மூடிய வளர்ப்புத் தொட்டியில் பெருக்கித் தயாரிப்பது பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். திசு வளர்ப்பு ஆய்வகத்தில் குடுவை கழுவியும் ஊடகம் (செல்கள் வளரும் சத்துக்கலவை) கலக்கியும் இருபது ஆண்டுகளுக்கு மேல் காலம் தள்ளியவன் நான். இனி எந்த மூலிகைக்கும் தோட்டமோ காடோ தேவையில்லை என்ற தொனியில் கட்டுரை முடிந்தது எனக்கு உறுத்தியது.

வென்ற கதைகள் உண்டு, மறுக்கவில்லை. ஜப்பானில் 1980-களிலேயே ஷிகோனின் என்ற செந்நிறப் பொருளைச் செல் வளர்ப்பில் எடுத்து உதட்டுச்சாயம் வரை கொண்டுபோனார்கள். புற்றுநோய் மருந்தான பாக்லிடாக்சலுக்காக முதலில் பசிபிக் யூ மரத்தின் பட்டையை உரித்தார்கள். உரித்தால் மரம் பட்டுப்போகும். இன்று யூ மரச் செல்களே பல்லாயிரம் லிட்டர் தொட்டிகளில் அதைச் சுரக்கின்றன. செடிகள் அபாயத்தை உணர்த்தப் பயன்படுத்தும் மீத்தைல் ஜாஸ்மோனேட் என்ற பொருளைத் துளி சேர்த்தால், ஏதோ பூச்சி கடித்துவிட்டது என்று மிரண்டு இன்னும் கூடுதலாகச் சுரக்கும். பாவம், ஏமாந்த செல்!

ஆனால் நித்தியகல்யாணியைப் பாருங்கள். ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்குத் தரும் வின்கிரிஸ்டின் அந்தச் செடியில் இருக்கிறது. அதன் செல்களை வளர்த்து மருந்தெடுக்கப் பல ஆண்டுகள் முயன்றும் வணிக அளவில் கைகூடவில்லை. அந்த மூலக்கூறு இரண்டு பாதிகள் சேர்ந்தது. ஒரு பாதியான கேத்தரந்தின் செல் வளர்ப்பில் கிடைக்கிறது. மறுபாதியான வின்டோலின் உருவாக, இலையிலுள்ள வெவ்வேறு வகைச் செல்கள் வேலையைக் கைமாற்றிக் கைமாற்றிச் செய்ய வேண்டும். இலையே இல்லாத தொட்டியில் யார் யாருக்குக் கைமாற்றுவது? 2022-இல் ஈஸ்ட்டுக்குள் மரபணுக்களைப் புகுத்தி இரண்டு பாதிகளையும் உண்டாக்கிக் காட்டினார்கள். அது வேறு வழி. உறுப்பையே வளர்ப்பதற்கு எடுத்துக்காட்டாக, கொரியாவில் ஜின்செங் என்ற மூலிகையைத் தனிச் செல்லாக அல்லாமல் வேராகவே தொட்டியில் வளர்ப்பதையும் இங்கே நினைத்துப் பார்க்கலாம்.

செல்லுக்கு மறதியும் உண்டு. நாங்கள் ஒரு காலஸை, அதாவது செடித் துண்டிலிருந்து பெருகும் உருவமற்ற செல் திரளை, கண்ணும் கருத்துமாக வளர்த்தோம். வெளிர்மஞ்சளாக, ஈரமணல் போல உதிரியாக இருக்கும். மூன்று வாரத்துக்கு ஒருமுறை புது ஊடகத்துக்கு மாற்றினோம், வளர்ச்சி அமோகம். ஒன்றரை ஆண்டு கழித்துச் சோதித்தால், மருந்துப்பொருள் ஏறக்குறைய இல்லை. வேகமாகப் பெருகும் சோம்பேறிச் செல்கள் மற்றவற்றை ஓரங்கட்டிவிட்டிருந்தன. சரி, தாய்ச்செடியிலிருந்து மறுபடி தொடங்கலாம் என்று போனால், அந்தத் தொட்டிச்செடியை 'வேலை முடிந்தது' என்று நாங்களே பிடுங்கி எறிந்திருந்தோம். விதையும் எடுத்துவைக்கவில்லை. வேறு செடிகளிலிருந்து தொடங்கிய வளர்ப்பில் பழைய அளவு கடைசிவரை வரவில்லை. நல்ல செல்களைத் தொடக்கத்திலேயே திரவ நைட்ரஜனில் உறையவைத்திருந்தால் தப்பித்திருப்போம்; அந்த வசதி அப்போது எங்களிடம் இல்லை.

அடுத்த முறை இப்படியொரு கட்டுரை வரும்போது, அந்தப் பொருளைச் செடியின் எந்த உறுப்பு செய்கிறது, தாய்ச்செடி எங்கே காப்பாற்றப்படுகிறது என்ற இரண்டையும் நிபுணர்களிடம் கேட்டு எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வக உதவியாளர் ஒருவர்