நீளம் குறைந்தது, சுமை கூடியது

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

சரக்கு ரயில்கள் இத்தனை கனமானதற்கு மின்சார எஞ்சின்களின் இழுவைத் திறனே காரணம் என்கிறது சென்ற இதழ்க் கட்டுரை. எஞ்சினுக்குப் பின்னால் ஓடிய, நிலக்கரியும் தாதுவும் ஏற்றும் மேல்திறந்த பாக்ஸ்-என் வேகனைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. பாதிப் பெருமையாவது அதற்குச் சேர வேண்டும்.

எஞ்சின் எவ்வளவு இழுத்தாலும், ரயில் லூப் லைனுக்குள், அதாவது மற்ற ரயிலுக்கு வழிவிட ஸ்டேஷனில் ஒதுங்கி நிற்கும் பக்கப் பாதைக்குள், அடங்கியாக வேண்டும். பிரதான பாதைகளில் லூப்பின் நீளம் சுமார் 686 மீட்டர். பழைய பாக்ஸ் வேகனின் நீளம் 13.729 மீட்டர். அச்சுக்கு 20.32 டன் என்பது அன்றைய வரம்பு. நான்கு அச்சுக்கு 81.28 டன். 1980களின் தொடக்கத்தில் வந்த பாக்ஸ்-என்னுக்கும் அதே வரம்புதான். ஆனால் ரயில்வேயின் ஆராய்ச்சி, வடிவமைப்பு அமைப்பான லக்னோ ஆர்.டி.எஸ்.ஓ. அதன் நீளத்தை 10.713 மீட்டராகக் குறைத்து, பக்கச் சுவரை உயர்த்தியது. எஞ்சினுக்கும் கார்டு வேனுக்கும் இடம் விட்டால், பழைய வேகன் 45 நின்ற இடத்தில் புதியது 58 நிற்கும். மொத்த எடை 3,657 டன்னிலிருந்து 4,714 டன்னாகிறது. லூப்பை ஒரு அடிகூட நீட்டாமல் கிடைத்த ஆயிரம் டன் இது!

இவ்வளவு எடையை, குழாயில் வெற்றிடம் உண்டாக்கி இயக்கும் வேக்கம் பிரேக்கால் நிறுத்துவது கடினம். வளிமண்டலத்தின் அழுத்தத்துக்கு மேல் அதில் விசை கிடைக்காது. ரயில் நீளமானால் கடைசி வேகன்களில் அதுவும் குறையும். அதனால் பாக்ஸ்-என், அழுத்திய காற்றில் இயங்கும் ஏர் பிரேக்கோடு வந்தது. பிரேக் பைப்பில் சதுர செ.மீ.க்கு 5 கிலோ அழுத்தம். கீழே, சக்கரங்களைத் தாங்கும் சட்டகமாக வார்ப்பு எஃகு காஸ்னப் போகி.

குறைகளும் உண்டு. வேகனின் கொள்ளளவு 56.28 கன மீட்டர். நிலக்கரியைக் குவித்து ஏற்றினால்தான் சுமை நிறையும். இரும்புத் தாதுவோ பாதி உயரத்துக்கு முன்பே வரம்பைத் தொட்டுவிடும். அதன் பிறகும் லோடர் ஒரு வாளி கொட்டினால் பேரிங்கும் ஸ்பிரிங்கும்தான் அடிவாங்கும். ஈர நிலக்கரி, தரையும் பக்கச் சுவரும் சேரும் மூலையில் தங்கித் தகட்டை அரிக்கும். வேகனைக் கவிழ்த்துக் கொட்டும் டிப்ளர் இயந்திரம் இல்லாத சைடிங்கில் (சரக்கு இறக்கும் கிளைப் பாதையில்) கதவைச் சுத்தியலால் அடித்துத் திறப்பார்கள்; வளைந்த கதவு பிறகு சரியாக மூடாது, வழியெல்லாம் கரி சிந்தும்.

வேகன் காலியா, நிறைந்ததா என்பதற்கேற்பப் பிரேக் விசையை மாற்றும் எம்டி-லோடு கைப்பிடியையும் கட்டுரை தொட்டிருக்கலாம். சரக்கு இறக்கியபின் அதை ‘எம்டி’க்குத் திருப்பாவிட்டால், காலி வேகனுக்குப் பிரேக் அளவுக்கு மீறிப் பிடிக்கும். சக்கரம் சுழலாமல் வழுக்கி, ஓரிடத்தில் தட்டையாகும். ஒரு மீட்டர் விட்டமுள்ள சக்கரம் அல்லவா, அந்தத் தட்டை மூன்று மீட்டருக்கு ஒருமுறை தண்டவாளத்தைச் சம்மட்டியாய் அடிக்கும். ‘லோடு’க்குத் திருப்ப மறந்தாலோ, நிறைந்த வேகன் நிற்க வேண்டிய இடத்தில் நிற்காது.

கட்டுரையின் அடுத்த பகுதியில் வேகன்களுக்கும் இரண்டு பக்கம் ஒதுக்குங்கள்.

வாசகர்,
ஜோலார்பேட்டை