தலையில் தட்டிய கைகளுக்கு

அன்புள்ள எல்லாருக்கும்,

பதினாறு ஆண்டு நீந்திவிட்டுப் போன மாதம் போட்டிகளிலிருந்து விலகினேன். வாழ்த்துச் சொன்ன பலரும், "கண் தெரியாமல் எப்படிம்மா இத்தனை காலம் தனியாக நீந்தினாய்?" என்று கேட்டார்கள். தனியாக நீந்தவே இல்லை. அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

2008-ல் யிப் பின் சியூ பெய்ஜிங்கில் சிங்கப்பூருக்கு முதல் பாராலிம்பிக் தங்கம் வென்ற செய்தியை வானொலியில் கேட்டபோது எனக்கு வயது பதினொன்று. நானும் நீந்துகிறேன் என்றேன். அப்பா, நீங்கள் வகுப்புத் தேடி அலைந்தீர்கள். பொறுப்பேற்க முடியாது என்று ஓரிடத்தில் கட்டிய பணத்தைத் திருப்பித் தந்துவிட்டார்கள். அந்தப் பணத்திலேயே எனக்கு நீச்சலுடை வாங்கி வந்தீர்கள்.

கோச், உங்களுக்குத் தமிழ் தெரியாது. என் தங்கை இதைப் படித்துச் சொல்வாள். பட்டாம்பூச்சி நீச்சலை வாயால் விளக்கி எனக்குப் புரியவில்லை என்றதும், குளத்தோரப் பெஞ்சில் குப்புறப் படுத்து, உங்கள் தோளிலும் இடுப்பிலும் என் கைகளை எடுத்து வைத்தீர்கள். முழங்கை எங்கே மடங்குகிறது, இடுப்பு எப்போது எழுகிறது எல்லாம் தொட்டுத்தான் படித்தேன்.

தோ பாயோ குளத்து உயிர்காப்பாளர் பாக்சிக், காலையில் சுவரோரத் தடத்தை எனக்காக விட்டுவைத்தீர்கள். தடக்கயிற்றில் உரசித் தோல் உரிந்த நாள்களில் நான் கேட்குமுன்பே பிளாஸ்டரோடு நிற்பீர்கள்.

எதிர்வீட்டு அண்ணா, உங்களுக்கு எழுதும்போதுதான் கை தயங்குகிறது.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பார்வை இல்லாதவர்களுக்கும் மிகமிகக் குறைந்தவர்களுக்குமான எஸ்11 பிரிவில் நீந்துபவர்கள் வெளிச்சம் புகாத கறுப்புக் கண்ணாடி அணிய வேண்டும். சிறிதளவு வெளிச்சம் தெரிபவருக்கும் அதே இருட்டுதான். சுவர் நெருங்கும்போது, நுனியில் மெத்தென்ற பந்து பொருத்திய நீளக் கம்பால் கரையிலிருந்து ஒருவர் தலையில் தட்டுவார். 50 மீட்டர் குளத்தில் 100 மீட்டருக்கு இரண்டு தட்டு, 400 மீட்டருக்கு எட்டு. முந்தித் தட்டினால் சுவருக்கு எட்டாமல் கை நீட்டி மிதக்க வேண்டியதுதான். பிந்தினால் மோதல். பார்ப்பவருக்கு இது லேசான வேலையாகத் தெரியும். என் வேகத்தை என்னைவிட நன்றாக அறிந்தவரால் மட்டுமே முடிந்த வேலை அது.

அண்ணா, சாங்கியில் இரவு வேலை முடித்து நேரே குளத்துக்கு வருவீர்கள். ஒருமுறை பிந்தித் தட்டியதில் என் விரல் முறிந்தது. அதன்பிறகு ஒவ்வொரு பயிற்சியிலும் கடைசி ஐந்து மீட்டரில் எத்தனை கைவீச்சு என்று எண்ணி நோட்டில் எழுதத் தொடங்கினீர்கள். களைத்த நாளில் எனக்கு ஒரு வீச்சு கூடும் என்பது நீங்கள் சொல்லித்தான் எனக்கே தெரியும். அந்த விரலுக்காக இன்னும் மன்னிப்புக் கேட்கிறீர்கள். போதும் அண்ணா. கல்யாணமான பிறகு மறுமுனையில் கம்பு பிடித்த அண்ணிக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: மேடையில் என் கழுத்தில் மட்டும் பதக்கம் விழுந்த ஒவ்வொரு முறையும் எனக்கு மனம் ஆறவில்லை. பெயர் போடாதே என்றீர்கள். போடவில்லை.

2025 செப்டம்பரில் உலக உடற்குறையுள்ளோர் நீச்சல் வெற்றியாளர் போட்டி ஆசியாவிலேயே முதன்முறையாக நம் ஊரில் நடந்தபோது, காலாங்கில் ஓசிபிசி நீர்விளையாட்டு நிலையத்தின் பார்வையாளர் வரிசையில் நாம் இருவரும் உட்கார்ந்திருந்தோம். எஸ்11 பந்தயம் தொடங்கியதும் நீங்கள் வர்ணனை சொல்லவில்லை. அங்கே கம்பு விழும் ஒவ்வொரு முறையும் என் தோளில் ஒரு விரலால் தட்டினீர்கள். முழுப் பந்தயமும் எனக்குத் தெரிந்தது.

நம் கம்பை இனி ஒரு பதினோரு வயதுப் பிள்ளைக்குக் கொடுக்கலாம் என்று கோச் கேட்கிறார். பந்து நைந்துவிட்டது. சனிக்கிழமை வரும்போது புதிது ஒன்று வாங்கி வாருங்கள் அண்ணா, இருவருமாகக் கட்டிவிடுவோம்.

அன்புடன்,
உங்கள் தங்கை
தோ பாயோ