தௌச்சான் தூண்களில் நம் பெயர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நவம்பர் வந்தால், இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் தரப்பில் நின்று இறந்த வீரர்களுக்கான தௌச்சான் போர்க் கல்லறையில் தூதரகத்தார் மலர்வளையம் வைத்து வணங்குகிறார்கள். யாங்கோனிலிருந்து பியே சாலையில் ஏறக்குறைய 35 கிலோமீட்டர்தான். பங்குனி உத்திரத்துக்கும் தீமிதிக்கும் பஸ் பிடித்து ஊர் ஊராகப் போகிற பர்மாத் தமிழர் நாம் அங்கே போவதில்லை. 'வெள்ளைக்காரன் கல்லறை' என்றுதான் எங்கள் வீட்டில் அதற்குப் பெயர்.

சிறுவனாக இருந்தபோது பெரியப்பா ஒருமுறை என்னை அங்கே அழைத்துப் போனார். வரிசை வரிசையாகக் கற்கள். குனிந்து குனிந்து படித்தோம். தமிழ்ப் பெயர் ஒன்றும் கண்ணில் படவில்லை. "நம்மவர் யாரும் இல்லையப்பா" என்றார். திரும்பிவிட்டோம்.

நாங்கள் தேடிய இடம்தான் தவறு. இந்து வீரர்களின் உடல்களை எரித்தார்கள். அவர்களுக்குக் கல்லறைக் கல் கிடையாது. அப்படித் தகனம் செய்யப்பட்ட ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு அதே வளாகத்தில் தனி நினைவுச் சின்னம் இருக்கிறது. எரிக்கவோ புதைக்கவோ உடலே கிடைக்காமல் போனவர்கள் அங்கேயே உள்ள ரங்கூன் நினைவு மண்டபத்தின் தூண்களில் இருக்கிறார்கள். கல்லறைகள் 6,374 என்றால் தூண்களில் உள்ள பெயர்கள் ஏறத்தாழ 27,000. மதராஸ் ரெஜிமென்ட், பாலமும் பாதையும் போட்ட மதராஸ் சாப்பர்கள், மூட்டை சுமந்த பயனியர் படை, லாரி ஓட்டியவர்கள் என்று படைப் பிரிவு வாரியாகப் பெயர்கள். எல்லாம் ஆங்கில எழுத்தில். நாம் வாய்விட்டுப் படித்தால்தான் அது முனுசாமி என்றோ பெரியசாமி என்றோ விளங்கும். வேற்று மொழிக்காரருக்கு அது வெறும் எழுத்துக் கூட்டம்.

'சுதந்திர மனிதர் அனைவருக்காகவும் இவர்கள் இறந்தார்கள்' என்ற பொருளில் அந்த மண்டபத்தில் ஐந்து மொழிகளில் எழுதியிருக்கிறார்கள்: ஆங்கிலம், பர்மியம், இந்தி, உருது, குர்முகி எழுத்தில் பஞ்சாபி. தமிழ் இல்லை. அதைக் கண்டபோது நெஞ்சு கனத்தது. 1958இல் திறந்த மண்டபம். இத்தனை ஆண்டுகளில் நாம் யாராவது கேட்டோமா?

"வெள்ளைக்காரனுக்காகச் சண்டை போட்டவர்களுக்கு நாம் ஏன் பூப்போட வேண்டும்?" என்று கேட்பவர்கள் உண்டு. என் தாத்தாவின் தம்பி நேதாஜியின் படையில் சேர்ந்து போனவர், திரும்பவில்லை. அவர் பெயர் இந்தத் தூண்களில் இல்லை. ஆனாலும் எதிர்ப்படையில் நின்றவனும் சம்பளத்துக்காகச் சேலத்திலிருந்தோ வட ஆற்காட்டிலிருந்தோ கப்பலேறி வந்த ஏழை வீட்டுப் பிள்ளைதானே? புரட்டாசி மகாளய அமாவாசையில், நாதியற்றுப் போனவர்களுக்கும் சேர்த்து எள்ளும் தண்ணீரும் இறைக்கிறோம். அந்தத் தண்ணீர் எந்தக் கொடிக்காரன் என்று பார்ப்பதில்லை. வீரன் விழுந்த இடத்தில் கல் நட்டுப் பெயர் எழுதிக் கும்பிட்ட வழக்கமும் நம்முடையது. இங்கே கல்லும் இருக்கிறது, பெயரும் இருக்கிறது. கும்பிடத்தான் ஆள் இல்லை.

வரும் நவம்பரில் கோயில் நிர்வாகங்களும் தேவாலயச் சபையினரும் பள்ளிவாசல் ஜமாத்தினரும் சேர்ந்து ஒரு பஸ் ஏற்பாடு செய்தால் போதும். பிள்ளைகளை அழைத்துச் செல்வோம். ஆளுக்கு ஒரு தூண் எடுத்துக்கொண்டு பெயர்களை உரக்கப் படிக்கட்டும். ஒரு முழம் பூ வைக்கட்டும்.

தங்களிடமும் ஒரு வேண்டுகோள். இந்தக் கல்லறையைப் பராமரிக்கும் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பதிவேட்டில் பல வீரர்களுக்குத் தந்தை பெயர், மனைவி பெயர், ஊர், மாவட்டம் எல்லாம் உண்டு. தமிழ் மாவட்டங்களைச் சேர்ந்தவர்களின் விவரத்தைத் தமிழில் எழுதித் தர நான் தயாராக இருக்கிறேன். இதழுக்கு இருபது பெயர் வீதம் தாங்கள் வெளியிட வேண்டும். அந்த ஊர்களில் இன்னும் உறவுள்ள வாசகர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். யாராவது ஒருவர் கடிதம் போட்டு, "உங்கள் கொள்ளுத்தாத்தா பெயர் இங்கே இருக்கிறது" என்று சொல்லக்கூடும்.

முதல் இருபது பெயர்களை அடுத்த வாரம் அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
யாங்கோன்