பிளக் உள்ள காருக்கு ஏன் 40 சதவீத வரி?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பிளக்-இன் ஹைப்ரிட் கார், அதாவது வீட்டில் சார்ஜ் போட்டு பேட்டரியிலும் ஓட்டலாம், பெட்ரோலிலும் ஓட்டலாம் என்ற கார் வேண்டுமா, பெட்ரோல் காரே போதுமா என்று உங்கள் பகுதியில் வரும் கடிதங்களைப் படித்து வருகிறேன். கடலூரில் இருந்து பார்த்தால் கணக்கு கொஞ்சம் வேறு மாதிரி இருக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

வீடு மஞ்சக்குப்பத்தில். வேலை புதுச்சேரியில், ஒரு கல்லூரி அலுவலகத்தில். தினமும் போக வர 50 கிலோமீட்டருக்குப் பக்கம் வரும். பத்து வருடமாக ஒரே பெட்ரோல் கார்தான். கடலூர்க்காரர்கள் பலரையும் போல நானும் புதுச்சேரி எல்லையில் இருக்கும் முள்ளோடையில்தான் டேங்கை நிரப்புவேன். அந்தப் பக்கம் வரி குறைவு. லிட்டருக்கு 16 கிலோமீட்டர் கொடுக்கிறது. ஆக நாளுக்கு 3 லிட்டர், ஏறக்குறைய 300 ரூபாய். இதே தூரத்தைப் பேட்டரியில் ஓட்ட சுமார் 10 யூனிட் பிடிக்கும். வீட்டு மின்கட்டணம் 500 யூனிட்டைத் தாண்டினால் எகிறும் என்பதையும் சேர்த்து, யூனிட் 10 ரூபாய் என்று கூட்டியே போட்டாலும் 100 ரூபாய்தான்.

அப்படியானால் முழு மின்சாரக் கார் வாங்க வேண்டியதுதானே என்பார்கள். நான் 'தானே' புயலைப் பார்த்தவள். 2011 டிசம்பர் 30 விடியற்காலை அது கரையைக் கடந்தபோது எங்கள் தெருவில் ஒரு மின்கம்பம்கூட நேராக நிற்கவில்லை. மறுபடி கரண்ட் வர 13 நாள் ஆனது. மூன்றாம் நாள் இரவு மாமனாருக்கு மூச்சுத்திணறல். பக்கத்து வீட்டு அண்ணனின் காரில் அரை டேங்க் பெட்ரோல் இருந்தது. அதில்தான் புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். அந்த இரவுக்குப் பிறகு, பிளக்கை மட்டுமே நம்பி ஒரு வண்டி வைத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்து, அடுத்து தென்பெண்ணையில் வெள்ளம் வந்தபோது இந்த எண்ணம் இன்னும் உறுதியானது. மற்ற நாளெல்லாம் கரண்டில் ஓடி, புயல் நாளில் பெட்ரோலில் ஓடும் வண்டிதான் இந்தக் கரைக்குச் சரி.

சரி, எதிர்த்து எழுதியவர்கள் சொல்வதில் ஒன்று உண்மை. பலர் இந்தக் கார்களை வாங்கிவிட்டு சார்ஜ் போடுவதே இல்லை. வண்டிகளிலேயே பதிவான எரிபொருள் அளவை ஐரோப்பிய ஆணையம் எடுத்துப் பார்த்து 2024-இல் அறிக்கை வெளியிட்டது. ஆய்வகச் சோதனையில் காட்டியதைவிட பிளக்-இன் ஹைப்ரிட்கள் நிஜச் சாலையில் 3.5 மடங்கு கரியமில வாயு விட்டன. சார்ஜ் போடாவிட்டால் அது பேட்டரி எடையையும் சுமந்து ஓடும் பெட்ரோல் கார், அவ்வளவுதான். நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியை எரித்துத்தானே கரண்ட் வருகிறது என்று ஒருவர் கேட்டிருந்தார். நெய்வேலி எங்கள் மாவட்டம்தான், மறுக்கவில்லை. ஆனால் தமிழ்நாட்டுக் கரண்டில் காற்றாலையும் வெயிலும் இருக்கின்றன, இன்னும் கூடும். பெட்ரோலில் அதற்கு வழியில்லை.

என் கோபம் வரியின் மேல். 2025 செப்டம்பர் 22 முதல் மின்சாரக் காருக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். நீளம் 4 மீட்டருக்குள், இன்ஜின் 1200 சிசிக்குள் இருக்கும் பெட்ரோல் காருக்கு 18. அந்த அளவைத் தாண்டினால், பிளக் இருந்தாலும் இல்லாவிட்டாலும், 40. தினமும் 50 கிலோமீட்டர் ஒரு சொட்டுப் பெட்ரோல் இல்லாமல் ஓடக்கூடிய வண்டியும், நாள் முழுக்கப் பெட்ரோலையே குடிக்கும் பெரிய வண்டியும் எப்படி ஒன்றாகும்? இங்கே விற்பனைக்கு வந்த பிளக்-இன் ஹைப்ரிட்கள் பெரும்பாலும் கோடி ரூபாய்க் கணக்கில் இருக்கும் சொகுசு வண்டிகள். மாதச் சம்பளக்காரர்கள் கிட்டேயே போக முடியாது.

வரியைச் சும்மா குறைக்கச் சொல்லவில்லை. பேட்டரியில் மட்டும் எவ்வளவு தூரம் ஓடும் என்பதை வைத்துக் குறையுங்கள். அப்புறம், ஐரோப்பாவில் எடுப்பதுபோல வண்டியில் பதிவாகும் எரிபொருள் கணக்கை எடுங்கள்; இங்கே வருடம் ஒருமுறை சர்வீஸின்போது எடுக்கலாம். சார்ஜ் போடாமல் ஓட்டுபவர் சலுகையைத் திருப்பிக் கட்டட்டும். வாடகை வீட்டில் இருப்பவர் கார் நிறுத்தும் இடத்தில் 15 ஆம்பியர் பிளக் கேட்டால் வீட்டுக்காரர் மறுக்கக் கூடாது என்றும் சட்டம் வேண்டும். எங்கள் தெருவில் பாதிப் பேர் வாடகைக்கு இருப்பவர்கள். பிளக் இல்லாமல் அவர்களுக்கு இந்த விவாதமே இல்லை.

திருப்பாதிரிப்புலியூரில் என் காரைப் பார்க்கும் மெக்கானிக், உப்புக்காற்றில் கனெக்டரெல்லாம் பச்சை பூத்துவிடும் என்று கவலைப்படுகிறார். நியாயமான கவலை. உயர் மின்னழுத்த வண்டிகளைப் பழுது பார்க்க கடலூர் அரசு ஐடிஐயில் அவரைப் போன்றவர்களுக்கு மாலை நேரப் பயிற்சி தொடங்கலாம்.

என் பழைய கார் இன்னும் மூன்று, நான்கு வருடம் தாங்கும். அதற்குள் வரி மாறினால், அடுத்த வண்டி பிளக் உள்ளதாகத்தான் வாங்குவேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மஞ்சக்குப்பம், கடலூர்.