புல் பிடுங்குவதைப் பாடம் என்று எழுதாதீர்கள்

மத்திய, ஊவா மாகாணக் கல்வித் திணைக்கள அதிகாரிகளுக்கும் வலயக் கல்விப் பணிப்பாளர்களுக்கும்,

மதிப்பிற்குரிய ஐயா, அம்மணி,

நான் ஹட்டன் பக்கத்துத் தமிழ்ப் பாடசாலை ஒன்றில் விவசாயப் பாடம் எடுக்கிறேன். விசேட கல்வி அலகுப் பிள்ளைகளுக்கு, அதாவது பாடசாலைக்குள் தனி வகுப்பில் படிக்கும் மாற்றுத்திறனுள்ள பிள்ளைகளுக்கு, தோட்டச் செய்கை கற்பிக்கலாம் என்ற பேச்சு நம் கூட்டங்களில் அவ்வப்போது எழும். நல்ல யோசனைதான். ஆனால் அந்தப் பெயரில் நடப்பதையும் பார்த்திருக்கிறேன். ஒரு பாடசாலையில் (எது என்பது வேண்டாம்) அலகுப் பிள்ளைகளை முற்றத்தில் புல் பிடுங்க விட்டுவிட்டு, பதிவேட்டில் 'தோட்டச் செயற்பாடு' என்று எழுதியிருந்தார்கள். மற்றப் பிள்ளைகளுக்கு எப்போதாவது ஒருநாள் சிரமதானம். இவர்களுக்குத் தினமும்.

பெற்றோர் முகம் சுளிப்பதில் என்ன ஆச்சரியம்? ஒரு தாய் என்னிடம் நேராகவே கேட்டார்: "நாங்கதான் மலையில கெடந்து மாயுறோம் சார். இந்தப் புள்ள கையிலயும் மம்பட்டியக் குடுக்கணுமா?" முதலில் கோப்பி, 1867க்குப் பிறகு தேயிலை என்று தலைமுறை தலைமுறையாக இந்த மண்ணைக் கொத்திய சனம் கேட்கும் கேள்வி இது. நம் முன்னோர் இந்தியாவிலிருந்து இங்கு வந்து 200 ஆண்டு என்று, 2023இல் 'மலையகம் 200' என ஊரெல்லாம் நினைவுகூர்ந்தோம். மண்ணில் கை வைத்தால் பிள்ளைக்கு நல்லது என்று இவர்களிடம் போய்ச் சொல்வது எடுபடாது. மண்ணில் நின்று பிள்ளை என்ன படிக்கிறது என்பதைக் காட்ட வேண்டும்.

காட்டலாம். டவுன் சிண்ட்ரோம் உள்ள ஒரு பையன் கொப்பியில் எண்ண மாட்டான். பாத்தியில் போஞ்சி விதை நடும்போது குழிக்கு இரண்டு என்று வைத்துக்கொண்டே போவான். ஒரு குழியில் யாராவது மூன்று போட்டால் கையைப் பிடித்து நிறுத்தி, ஒன்றை எடுத்துத் திருப்பிக் கொடுப்பான். பார்வை குறைந்த ஒரு மாணவி லீக்ஸையும் வெங்காயத்தையும் தடவியே பிரித்துவிடுவாள்: லீக்ஸ் இலை தட்டை, வெங்காயத் தாள் உள்ளே குழல். என் சாதாரண வகுப்புப் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு அந்த வித்தியாசம் அவள் சொல்லித்தான் தெரிந்தது.

ஆகவே முதலில் கேட்பது இதுதான். தோட்டப் பாடவேளையை அலகுக்கு மட்டும் தனியே ஒதுக்காதீர்கள். ஆறாம், ஏழாம் வகுப்புகளோடு சேர்த்து நேரசூசியில் போடுங்கள். தேயிலை மண் புளிப்பு மண். கோவாவும் பீட்ரூட்டும் அதில் சரியாக வராது, புளிப்பைக் குறைக்க டொலமைட் தூள் போட வேண்டும். எவ்வளவு, எந்த அளவுப் பாத்திக்கு என்று ஒருவர் கணக்குப் போட, ஒருவர் நிறுக்க, ஒருவர் தூவ, எல்லாருக்கும் அதில் இடம் இருக்கிறது. தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து நிறை குறைந்தால் அரைப் பேர் (அரைநாள் சம்பளம்) போடுவார்களே, பள்ளிக்கூடத்திலும் இந்தப் பிள்ளைகளுக்கு அரைப் பேர்தான் விழுகிறது.

அப்புறம் சரிவு. கொழும்பில் வரையும் திட்டங்களில் இந்தச் சங்கதி ஒருபோதும் இருப்பதில்லை. சக்கர நாற்காலிக்கு ஓர் அடி உயர 12 அடி சாய்தளம் வேண்டும். நம் பாடசாலைகளில் வகுப்பறைக்கும் கீழே உள்ள தட்டுக்கும் இடையில் ஆறடி இறக்கம் என்றால் 72 அடி நீளத்துக்குச் சாய்தளம் கட்ட வேண்டும். அதற்குக் காசும் இல்லை, இடமும் இல்லை. பிள்ளையைத் தோட்டத்துக்கு இறக்குவதை விட்டுவிட்டு, தோட்டத்தை வகுப்பறை மட்டத்துக்கு ஏற்றுங்கள். வராந்தா ஓரத்தில் இரண்டரை அடி உயரத்தில், கீழே முழங்கால் போக இடம்விட்டு மேசைப் பாத்தி. ஒரு பக்கத்திலிருந்து மட்டும் கை எட்டும் என்றால் அகலம் இரண்டடிக்கு மேல் வேண்டாம். அதில் முள்ளங்கி, சலாது, லீக்ஸ் எல்லாம் வரும். உருளைக்கிழங்குக்கு மண் ஆழம் போதாது, அதைச் சாக்கில் நடலாம். மேலே ஒளி புகும் தகரம் போட்டால் மே முதல் செப்டம்பர் வரை அடிக்கிற மழையிலும் பாடம் நிற்காது. இது பெரிய செலவில்லை, ஊரில் மேசன் வேலை, தச்சு வேலை செய்யும் பாஸ்மாரே செய்து தருவார்கள்.

பயிர் தேர்விலும் கொஞ்சம் யோசனை வேண்டும். காத்திருக்கவே முடியாத பிள்ளைக்கு லீக்ஸைக் கொடுத்தால் மாதக்கணக்கில் எதுவும் நடக்காததுபோல் இருக்கும். முள்ளங்கி ஏறக்குறைய நாற்பது நாளில் கைக்கு வந்துவிடும். கரட் விதை பொடி, விரலில் நிற்காது; போஞ்சி விதையைப் பிடிக்கலாம். மண் கையில் பட்டாலே அலறும் பிள்ளைகள் உண்டு. அவர்களை வற்புறுத்தக் கூடாது. கையுறை, சின்னக் கரண்டி, அதுவும் வேண்டாம் என்றால் தண்ணீர் ஊற்றும் பொறுப்பு.

பயிருக்குப் பூச்சி மருந்து மட்டும் கூடவே கூடாது. நுவரெலியாப் பக்கத்து மரக்கறித் தோட்டங்களில் மருந்து அடிக்கிற கதை உங்களுக்குத் தெரியாததல்ல. பறித்ததை அப்படியே வாயில் வைக்கிற பிள்ளைகள் இவர்கள்.

கமநல சேவை நிலையத்து விவசாயப் போதனாசிரியர் தவணைக்கு ஒருமுறையாவது வர ஏற்பாடு செய்யுங்கள், தமிழ் தெரிந்தவராக. விளைச்சலை விற்றால் அந்தக் காசு பிள்ளைகள் கணக்கில் இருக்கட்டும். அதிபர் அறைத் திரைச்சீலைக்குப் போக வேண்டாம்.

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்க 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தை 2016இல் இலங்கை ஏற்று உறுதிசெய்தது. கட்டாயக் கல்வி வயது 16. அந்த 16க்குப் பிறகு என்ன என்பதுதான் பெற்றோரின் தூக்கம் கெடுக்கும் கேள்வி. விருப்பமும் திறனும் உள்ள பிள்ளைக்கு நாற்றுமேடை வேலையில் தொழில் தகைமைச் சான்றிதழ் பெற ஒரு வழி திறந்து கொடுங்கள். விருப்பமில்லாத பிள்ளைக்குத் தையலோ கணினியோ வேறொன்றோ இருக்க வேண்டும். அலகுப் பிள்ளை என்றாலே மம்பட்டி என்று ஆகிவிட்டால் அந்தத் தாய் சொன்னதுதான் சரி.

அடுத்த ஆண்டு நேரசூசி போடும் முன்பு பெற்றோரை அழைத்துப் பேசுங்கள். பின்னேரம் ஐந்து மணிக்கு மேல் கூட்டத்தை வையுங்கள் ஐயா. காலை பத்து மணிக்கு வைத்தால் கொழுந்தெடுக்கும் அம்மாமாருக்கு அன்றைய சம்பளம் போய்விடும், அதனால் வரமாட்டார்கள். பிறகு "பெற்றோருக்கு அக்கறை இல்லை" என்று அறிக்கையில் எழுதுவோம்.

இப்படிக்கு,
விவசாயப் பாட ஆசிரியர் ஒருவர்,
ஹட்டன்.